அடுத்த சொலெக்சா வரும்போது எங்கள் பணம் எங்கே இருக்கும்? பிரிட்டன் ஓய்வூதிய நிதி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். 2007 ஜனவரியில் சொலெக்சா என்ற கேம்பிரிட்ஜ் நிறுவனத்தை அமெரிக்காவின் இல்லுமினா வாங்கியது. விலை சுமார் 60 கோடி டாலர். ரொக்கமாக இல்லை, இல்லுமினாவின் பங்குகளாக. இன்று உலகில் எங்கே ஒரு நோயாளியின் டிஎன்ஏவைப் படித்தாலும், பெரும்பாலும் சொலெக்சாவில் உருவான முறையில்தான் படிக்கிறார்கள். என் பிழைப்பும் அதில்தான். இங்கிலாந்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில், டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் பிரிவில் வேலை செய்கிறேன். என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஓய்வூதியத்துக்குப் பிடிக்கும் பணத்தை எங்கே முதலீடு செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் கடையில், கிடங்கில், முதியோர் இல்லத்தில், கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் உங்கள் நிதிகளில் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் எதில் போட்டிருக்கிறது என்று அவர்களும் உங்களைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சொலெக்சாவின் தொடக்கம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேதியியல் துறை. ஷங்கர் பாலசுப்ரமணியனும் டேவிட் கிளெனர்மனும், டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் என்ற நொதி எப்படி வேலை செய்கிறது என்று ஒளிரும் சாயங்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அரசு நிதியில் நடந்த அடிப்படை ஆராய்ச்சி அது. சந்தை, விற்பனை என்ற எண்ணமெல்லாம் அப்போது இல்லை. 1997 கோடையில் துறைக்குப் பக்கத்தில் உள்ள பேண்டன் ஆர்ம்ஸ் என்ற பப்பில் உட்கார்ந்து பேசும்போது யோசனை வடிவம் பெற்றது. நொதி ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ப்பதைக் கண்ணால் பார்க்க முடியும் என்றால், அதை வைத்தே டிஎன்ஏ முழுவதையும் படித்துவிடலாமே! பாலசுப்ரமணியன் சென்னையில் பிறந்து கைக்குழந்தையாக இங்கிலாந்துக்கு வந்தவர். அதனால் தமிழ் வீடுகளில் அவர் பெயர் பெருமையோடு பேசப்படுகிறது. ஆனால் அவர் தொடங்கிய நிறுவனம் என்ன ஆனது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

அந்த முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். முதலீடு செய்பவர்கள் இந்த இடத்தில்தான் பொதுவாகக் கவனத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் படியுங்கள்.

முதலில் டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஃப்ளோ செல் என்ற கண்ணாடித் தகட்டில் ஒட்டவைக்கிறோம். ஒவ்வொரு துண்டும் இருந்த இடத்திலேயே நூற்றுக்கணக்கான நகல்களாகப் பெருகி ஒரு கொத்தாகிறது. பிறகு ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளையும், அடையாளம் காண ஒவ்வொன்றிலும் வேறு சாயம் ஏற்றி, உள்ளே விடுகிறோம். ஓர் எழுத்து சேர்ந்ததும் அடுத்தது சேராதபடி வேதிப் பூட்டு ஒன்று தடுக்கிறது. அந்த நொடியில் கேமரா தகடு முழுவதையும் படம் எடுக்கிறது. எந்தக் கொத்து எந்த நிறத்தில் ஒளிர்கிறதோ, அதுதான் அங்கே சேர்ந்த எழுத்து. அப்புறம் பூட்டையும் சாயத்தையும் கழுவி எடுத்துவிட்டு அடுத்த எழுத்து. இது நூறு, நூற்றைம்பது முறை தொடர்கிறது. ஒரே தகட்டில் கோடிக்கணக்கான கொத்துகள் ஒரே நேரத்தில் படிக்கப்படுவதுதான் இதன் பலம். மாலையில் ரன் (கருவியின் ஒரு முழு ஓட்டம்) போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறேன். அந்த இரவில் எங்கள் கருவி படித்து முடிக்கும் அளவு, ஒரு காலத்தில் ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படித்த அளவைவிட அதிகம்.

இதெல்லாம் ஒரே நாளில் கைகூடியதும் இல்லை. நிறுவனம் 1998இல் உருவானது. லண்டனைச் சேர்ந்த அபிங்வொர்த் முதல் விதைப் பணத்தைக் கொடுத்தது. தொடக்கத்தில் ஒற்றை மூலக்கூறுகளைப் படிக்க முயன்றார்கள். கொத்துகளாகப் பெருக்கும் நுட்பத்தை 2004இல்தான் சுவிட்சர்லாந்தின் மாண்டேயா நிறுவனத்திடமிருந்து வாங்கிச் சேர்த்தார்கள். 2005 தொடக்கத்தில் ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் மரபணுத் தொகுதியை, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதையும், படித்துக் காட்டினார்கள். அதே வைரஸை 1977இல் அதே கேம்பிரிட்ஜில் படித்து முடித்தவர் ஃபிரெட் சாங்கர். டிஎன்ஏ மரபணுத் தொகுதி ஒன்று முழுமையாகப் படிக்கப்பட்டது அதுதான் முதல் முறை. அதன் நீளம் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகள்தான். மனிதனுடையது 300 கோடி. 2006இல் சொலெக்சாவின் முதல் கருவி சந்தைக்கு வந்தபோது, ஒரே ரன்னில் 100 கோடி எழுத்துகளைப் படிக்கும் திறன் அதற்கு இருந்தது.

தொடங்கியதிலிருந்து கருவி வரும்வரை எட்டு ஆண்டுகள். இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பணம் தேவைப்பட்டது. பல்கலைக்கழக ஆய்வுக்கு அரசு கொடுக்கும் நிதி, நிறுவனம் தொடங்க விதைப் பணம் கொடுப்பவர்கள் ஆகிய இரண்டும் பிரிட்டனில் அன்றைக்கும் இருந்தன, இன்றைக்கும் இருக்கின்றன. கருவியைத் தயாரித்து, உலகம் முழுக்க விற்று, பழுது பார்க்கும் ஆட்களை நியமித்து வளர்வதற்கான பெரும்பணம் வேறு வகை. 2005இல் சொலெக்சா, கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் இருந்த லின்க்ஸ் தெரப்யூடிக்ஸ் என்ற நிறுவனத்தோடு இணைந்தது. லின்க்ஸ் ஏற்கெனவே நாஸ்டாக்கில் இருந்த நிறுவனம். அதன் வழியாக சொலெக்சாவும் அமெரிக்கப் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. லண்டனில் அதே அளவு பணமும் இந்தத் துறையைப் புரிந்த முதலீட்டாளர்களும் கிடைத்திருந்தால் அந்தச் சுற்றுவழி தேவைப்பட்டிருக்காது என்பது என் கணிப்பு. இரண்டே ஆண்டில் இல்லுமினா வந்து வாங்கிக்கொண்டது.

அந்த ஆண்டுகளில் பிரிட்டனின் ஓய்வூதியப் பணம் எங்கே போய்க்கொண்டிருந்தது? 1997இல் பிரிட்டன் பங்குச் சந்தையில் ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து 45 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருந்தன. 2022 இறுதியில் அது 4 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்துவிட்டது. வெளிநாட்டவரின் பங்கு பாதியைத் தாண்டிவிட்டது. இதற்குக் காரணம் நீங்கள் மட்டும் என்று சொல்ல மாட்டேன். பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் தன் ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தைக் கையாடிய ஊழலுக்குப் பிறகு வந்த சட்டங்கள், 1997இல் ஈவுத்தொகை வரிச் சலுகையை நீக்கியது, 2000இல் வந்த எஃப்ஆர்எஸ் 17 என்ற கணக்கியல் விதி என்று பல காரணங்கள். ஓய்வூதியத் திட்டத்தில் ஏற்படும் பற்றாக்குறையை நிறுவனத்தின் கணக்கிலேயே காட்ட வேண்டும் என்று அந்த விதி சொன்னதும், ஏற்ற இறக்கம் உள்ள எதையும் தொட நிறுவனங்கள் பயந்தன. பங்குகளை விற்று அரசுக் கடன் பத்திரங்களுக்கு மாறினார்கள். ஒவ்வொருவருடைய முடிவும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. எல்லாம் சேர்ந்தபோது, ஒரு நாட்டின் மிகப் பொறுமையான பணம் அந்த நாட்டின் இளம் நிறுவனங்களைவிட்டு விலகிப்போயிருந்தது.

பத்திரங்கள்தான் பாதுகாப்பு என்பதும் முழு உண்மை இல்லை. 2022 செப்டம்பரில் அரசுக் கடன் பத்திரங்களின் விலை சரிந்தபோது, அவற்றை வைத்துக் கடன் வாங்கியிருந்த ஓய்வூதியத் திட்டங்களைக் காப்பாற்ற மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியே சந்தையில் இறங்கிப் பத்திரங்களை வாங்க வேண்டியிருந்தது. எந்த உயிர்தொழில்நுட்ப நிறுவனமும் உங்களை அந்த நிலைக்குக் கொண்டுபோனதில்லை.

விற்பனைக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். சொலெக்சா தொடங்கிய அதே 1998இல் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் இல்லுமினா. 2006இல் அதன் ஆண்டு வருவாய் சுமார் 18.5 கோடி டாலர். 2021இல் 450 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு சீக்வென்சிங்கால் வந்தது. 2021இல் அதன் சந்தை மதிப்பு ஒரு கட்டத்தில் 7,000 கோடி டாலருக்கு மேல் போனது. பிறகு, இரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் கண்டறியும் கிரெயில் நிறுவனத்தை வாங்கிய சர்ச்சையாலும் போட்டியாலும் வெகுவாக இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். இறங்கிய பிறகும் அது 60 கோடியைவிடப் பல மடங்கு.

2012இல் நடந்த ஒன்றை உங்கள் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சுவிஸ் நிறுவனமான ரோஷ், இல்லுமினாவை 570 கோடி டாலருக்குக் கேட்டது. இயக்குநர் குழு மறுத்தது. ரோஷ் நேராகப் பங்குதாரர்களிடம் போயும், விலையை ஏற்றியும் பார்த்தது. அந்த ஏப்ரல் மாதக் கூட்டத்தில் பங்குதாரர்கள் ரோஷ் நிறுத்திய ஆட்களைத் தேர்ந்தெடுக்காமல், நிறுவனத்தின் சொந்த இயக்குநர்களுக்கே வாக்களித்தார்கள். ரோஷ் திரும்பிப் போய்விட்டது. “இது இன்னும் வளரும், நாங்கள் காத்திருக்கிறோம்” என்று சொல்லும் பங்குதாரர்கள் அந்த நிறுவனத்துக்கு இருந்தார்கள். அவர்கள் தர்மம் செய்யவில்லை, லாபத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். சொலெக்சாவுக்கு அப்படிச் சொல்லக்கூடிய பெரிய பிரிட்டிஷ் பங்குதாரர்கள் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்கலாமா என்ற கேள்வியையாவது யாராவது எழுப்பியிருப்பார்கள்.

நிறுவனர்களைக் குறை சொல்லவே இல்லை. அன்றைக்கு சொலெக்சா லாபம் பார்க்காத சின்ன நிறுவனம். எதிரே 454, அப்ளைடு பயோசிஸ்டம்ஸ் என்று வலுவான போட்டியாளர்கள். இல்லுமினாவிடம் விற்பனை ஆட்கள் இருந்தார்கள், தொழிற்சாலை இருந்தது, உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். 454ஐ 2007இல் ரோஷ் வாங்கி, சில ஆண்டுகளில் அந்தத் தொழிலையே மூடியது. சொலெக்சாவுக்கு அந்தக் கதி வரவில்லை. கேம்பிரிட்ஜ் அருகே இல்லுமினாவுக்கு இன்றும் பெரிய ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் இந்த நாட்டில்தான் வரி கட்டுகிறார்கள். அறிவியலுக்கும் நோயாளிகளுக்கும் அந்த விற்பனை நன்மையே செய்தது என்று நான் நம்புகிறேன். மனித மரபணுத் தொகுதியை முதன்முதலில் படிக்க நடந்த பன்னாட்டுத் திட்டத்துக்கு 13 ஆண்டுகளும் சுமார் 300 கோடி டாலரும் ஆயின. 2014இல் அதை ஆயிரம் டாலரில் செய்யும் கருவியை இல்லுமினா அறிவித்தது.

என் ஆதங்கம் எங்களைப் பற்றியது, அதாவது உங்கள் நிதிகளில் பணம் கட்டும் உறுப்பினர்களைப் பற்றியது. ஆய்வுக்கு எங்கள் வரிப்பணம் போனது. பிறகு அதே முறையை இந்த நாடு விலைக்கு வாங்கியது. 2012இல் பிரதமர் டேவிட் கேமரன் ஒரு லட்சம் மரபணுத் தொகுதிகளைப் படிக்கும் திட்டத்தை அறிவித்தார். 2014இல் அதற்கான ஒப்பந்தம் இல்லுமினாவோடு கையெழுத்தானது, சுமார் 7.8 கோடி பவுண்டுக்கு. பதிலுக்கு இல்லுமினாவும் 16.2 கோடி பவுண்டை இங்கிலாந்தில் முதலீடு செய்வதாகச் சொன்னது. நல்ல திட்டம், 2018 டிசம்பரில் இலக்கையும் எட்டியது. அதன் முன்னோட்ட ஆய்வில் அரிய நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோயின் காரணம் தெரியவந்தது. குழந்தைக்கு என்ன நோய் என்றே தெரியாமல் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்த பெற்றோருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆய்வுக்கும் பயன்பாட்டுக்கும் நாங்கள் பணம் கொடுத்தோம். இடையில் மதிப்பு பல மடங்கு பெருகிய அந்தப் பதினைந்து ஆண்டுகளில் மட்டும் எங்கள் ஓய்வூதியப் பணம் அங்கே பெரிய உரிமையாளராக இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வேதிப் பூட்டு எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. சீக்வென்சிங் கருவிகள் செய்யும் சீனாவின் எம்ஜிஐ நிறுவனத்துக்கு எதிராக இல்லுமினா தொடுத்த வழக்கில், 2021 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் வழக்கிலிருந்த ஐந்து காப்புரிமைகளில் நான்கு செல்லும் என்றும், அவை மீறப்பட்டிருக்கின்றன என்றும் தீர்ப்பளித்தது. கேம்பிரிட்ஜில் செய்த வேதியியல், விற்று 14 ஆண்டு கழித்தும் கோட்டை மதில்போல நின்றது. மதிலுக்குள் இருந்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள்.

சரி, இப்போது உங்கள் தரப்புக்கு வருகிறேன். “எங்கள் கடமை உறுப்பினர்களின் நலன், நாட்டின் தொழில் கொள்கை இல்லை” என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டன் நிறுவனம் என்பதற்காக மட்டும் என் பணத்தை ஒன்றில் போட்டால் நானே எதிர்ப்பேன். இந்தத் துறையில் தோல்விகள் அதிகம் என்பதும் தெரியும். டிஎன்ஏ படிக்கும் துறையிலேயே ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் 2021இல் லண்டனில் பட்டியலிடப்பட்டு, பிறகு பங்கு விலை வெளியீட்டு விலைக்கு வெகு கீழே சரிந்தது. அதை வாங்கியவர்கள் வருந்தியிருப்பார்கள்.

ஆனால் முப்பது வயதில் பணம் கட்டத் தொடங்கும் ஒருவருக்கு ஓய்வு பெற இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. சொலெக்சாவுக்கு எட்டு ஆண்டுகள்தான் தேவைப்பட்டன. துணிகர முதலீட்டு நிதிகள் பெரும்பாலும் பத்து ஆண்டுக் கணக்கில் இயங்குகின்றன. அதற்குள் விற்று, பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு உண்டு. உங்களுக்கு அந்த நெருக்கடி கிடையாது. இந்த நாட்டில் காத்திருக்கக்கூடிய பணம் ஒன்று உண்டு என்றால் அது எங்களுடையதுதான். நூறு பவுண்டில் இரண்டு மூன்று பவுண்டு, அதுவும் ஒரே நிறுவனத்தில் இல்லாமல் பலவற்றில் பரப்பிப் போட்டால், பாதி கரைந்தாலும் என் முதுமை கெட்டுப்போகாது. மீதியில் ஒன்று இல்லுமினாவாக வளர்ந்தால் எங்கள் எல்லோருக்கும் பலன் உண்டு.

கட்டணத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2015 முதல் இயல்புத் திட்டங்களில் (உறுப்பினர் தானாக எதையும் தேர்ந்தெடுக்காதபோது பணம் போகும் திட்டங்களில்) ஆண்டுக்கு 0.75 விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உறுப்பினர்களைக் காக்கும் நல்ல விதி. ஆனால் திட்டங்கள் அதற்கும் கீழே, இன்னும் கீழே என்று போட்டி போடுகின்றன. வேலை கொடுக்கும் நிறுவனங்களும் எந்தத் திட்டம் மலிவு என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன. இளம் அறிவியல் நிறுவனத்தை எடைபோட, ஃப்ளோ செல்லையும் காப்புரிமையையும் படித்துப் புரிந்துகொள்ளும் ஆட்கள் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சின்னத் திட்டம் தனியாகச் செய்ய முடியாது என்றால் பத்துத் திட்டங்கள் சேர்ந்து ஒரு குழுவை வைத்துக்கொள்ளலாம். அதற்காகக் கட்டணம் கொஞ்சம் கூடினால், காரணத்தைச் சொல்லுங்கள். உறுப்பினர்கள் புரிந்துகொள்வார்கள்.

2025 மே மாதம் உங்களில் 17 நிறுவனங்கள் மேன்ஷன் ஹவுஸ் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2030க்குள் இயல்புத் திட்டங்களின் பணத்தில் பத்து விழுக்காட்டைப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத சொத்துகளில் போடுவது, அதில் பாதி பிரிட்டனில் என்பது உறுதிமொழி. வரவேற்கிறேன். ஆனால் பட்டியலிடப்படாத சொத்து என்றால் காற்றாலையும் உண்டு, சாலையும் உண்டு, வாடகைக் கட்டடமும் உண்டு. அவையும் தேவைதான். ஆனால் ஓர் ஆய்வகத்துக்குக்கூட ஒரு பவுண்டு போகாமலே அந்தப் பத்து விழுக்காட்டை நிரப்பிவிட முடியும். அப்படி நடந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

நேரம் அதிகம் இல்லை. 1998இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய இன்னொரு நிறுவனம் ஆப்கேம். எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியிலும் அவர்களுடைய ஆன்டிபாடிகள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் அது லண்டன் சந்தையிலிருந்து முழுதாக விலகி நாஸ்டாக்குக்குப் போனது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் டனாஹர் அதை 570 கோடி டாலருக்கு வாங்கியது. கஞ்சாச் செடியிலிருந்து வலிப்பு நோய்க்கு மருந்து செய்த ஜிடபிள்யூ ஃபார்மா போன பாதையும் கிட்டத்தட்ட அதேதான்: முதலில் லண்டனிலிருந்து நாஸ்டாக், பிறகு 2021இல் 720 கோடி டாலருக்கு விற்பனை. சொலெக்சாவுக்குப் பிறகு விலை கூடியிருக்கிறது, பாதை மாறவில்லை.

என் கோரிக்கை இதுதான். அங்கத்தினர்களுக்காக ஒவ்வோர் ஆண்டும் தலைவர் அறிக்கை வெளியிடுகிறீர்கள். அடுத்த அறிக்கையில், எங்கள் பணத்தில் எத்தனை விழுக்காடு பிரிட்டனின் இளம் அறிவியல் நிறுவனங்களில் இருக்கிறது என்று தனி வரியில் எழுதுங்கள். சாலையோடும் கட்டடத்தோடும் சேர்க்காமல் தனியாக. அந்த நிறுவனங்களை மதிப்பிடுபவர்கள் யார், அவர்களில் ஆய்வகத்தில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். நீங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தை யாராவது விலைக்குக் கேட்டு வந்தால், விற்கச் சம்மதித்தீர்களா மறுத்தீர்களா, எந்தக் கணக்கில் என்பதையும் எழுதுங்கள். எண் பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். அதற்கான காரணத்தைக் கேட்டு நாங்கள் அடுத்த கடிதம் எழுதுவோம்.

இப்படிக்கு,
உங்கள் திட்டம் ஒன்றில் மாதாமாதம் பணம் கட்டும் உறுப்பினர்,
இங்கிலாந்து